தேயிலைப் பெட்டியில் யாருடைய கையெழுத்து?

சென்ற மாதம் அட்டன் நகரில் உள்ள ஓர் அச்சகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழைச் சரிபார்த்துக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. பத்திரிகையில் நாற்பது ஆண்டுகள் பிழை திருத்தியவன் என்பதால் குடும்பத்தில் எந்தக் காரியத்துக்கு அழைப்பிதழ் அடித்தாலும் ‘புரூஃப்’ என்னிடந்தான் வந்து சேரும். ஓய்வு பெற்றவனுக்கு இதுவும் ஒரு மரியாதைதான்.

கணினிமுன் இருந்த இளைஞர் மணமக்களின் பெயர்களை ஆங்கிலத்தில் போட்டுக் காட்டினார். வளைந்து, சரிந்து, ஒன்றோடொன்று கைகோத்து ஓடும் எழுத்து. பெரிய எழுத்துகளின் தலையிலும் காலிலும் கொடிபோலச் சுருள்கள். அழகாகத்தான் இருந்தது. அதே திரையின் இன்னொரு மூலையில் அவர் செய்துகொண்டிருந்த வேறொரு வேலையும் திறந்து கிடந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் தேயிலைப் பெட்டி. நுவரெலியா என்ற பெயர் அதே எழுத்துருவில், பொன்னிறத்தில், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் படத்துக்கு மேலே சாய்ந்து படுத்திருந்தது.

“தம்பி, தமிழுக்கு இப்படி ஒன்றும் கிடையாதா?” என்று கேட்டேன்.

“தமிழுக்கு இது வராதுங்க ஐயா. தமிழ் எழுத்து ஒன்னோட ஒன்னு சேராதுங்களே.”

அவர் சொன்னதில் குற்றமில்லை. தமிழைக் கணினியில் மட்டுமே அதிகம் பார்த்த தலைமுறை அது. ஆனால் அந்தப் பதில் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. தமிழ் எழுத்து சேராதா? என் தகப்பனார் எழுதிய கடிதங்களில் எந்த எழுத்து எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பத்து வயது ஆகவேண்டியிருந்ததே!

முதலில் அந்த ஆங்கில எழுத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இலண்டனின் வணிகக் கணக்கர்களுக்கு விரைவாகவும் தெளிவாகவும் எழுத ஒரு கை தேவைப்பட்டது. வாத்து இறகின் நுனியைக் கூராகச் சீவி, மேலே போகும்போது இலேசாகவும் கீழே இறங்கும்போது அழுத்தியும் எழுதினால் மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறிமாறி வரும். பேனையை எடுக்காமல் ஒரு சொல்லை முடித்துவிடலாம். இந்தக் கையைக் கற்பித்த ஆசான்கள் தங்கள் மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்குவித்து நூல்களாக வெளியிட்டார்கள். சார்ள்ஸ் ஸ்னெல் என்பவரின் நூல் 1694இல் வந்தது. ஜோர்ஜ் பிக்கம் செதுக்கித் தொகுத்த பெருநூல் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியாயிற்று. செப்புத் தகட்டு எழுத்து என்று அதற்குப் பெயர் வந்தது இப்படித்தான். பின்னர் பர்மிங்காமில் உருக்குப் பேனை முள் மலிவாகப் பெருகியபோது இந்தக் கை பிரித்தானியப் பேரரசு முழுவதற்கும் போயிற்று. கல்கத்தாவிலும் கொழும்பிலும் கண்டியிலும் எழுதுவினைஞர் வேலைக்கு முதல் தகுதி, நல்ல கையெழுத்து.

ஸ்னெல்லின் கையெழுத்தை 1966இல் மத்தியூ கார்ட்டர் என்ற புகழ்பெற்ற எழுத்து வடிவமைப்பாளர் அச்சு எழுத்தாக மாற்றினார். அதற்கும் முன்பே, 1923இல், மொனோடைப் நிறுவனம் ‘பேலஸ் ஸ்கிரிப்ட்’ என்ற எழுத்தை வெளியிட்டிருந்தது. அழைப்பிதழ் அச்சடித்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். இன்று கணினியில் இந்த இனத்தைச் சேர்ந்த எழுத்துருக்கள் எண்ணிலடங்கா. பயன்படுத்துவதற்குச் சில இலக்கணங்கள் உண்டு. ஒரு சொல்லுக்கோ ஒரு வரிக்கோ போடலாம், பத்திக்குப் போடக்கூடாது. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டால் சுருள்களெல்லாம் ஒன்றையொன்று மோதி வாசிக்கவே முடியாது. சிறிதாக்கினால் மயிரிழைக் கோடுகள் அச்சில் அறுந்துபோகும். பொன்தாளில் அழுத்தும்போது இன்னும் மோசம். பெயர்ப்பலகை, அழைப்பிதழ், வாசனைத் திரவியக் குப்பி, சான்றிதழ், தேயிலைப் பெட்டி... ஒரு மனிதர் தம் கையால் எழுதிக் கொடுத்தார் என்ற நம்பிக்கையை எங்கெல்லாம் விற்கவேண்டுமோ அங்கெல்லாம் இந்த எழுத்து வந்து நிற்கும். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் இதை நன்கு அறிந்தவர். அவருடைய பொதிகளில் அவரது கையொப்பமே முத்திரைபோல அச்சிடப்பட்டது.

தேயிலைக்கு இந்த எழுத்து ஏன் இவ்வளவு பொருந்திப்போகிறது? அது வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்தை நினைவூட்டுகிறது. பங்களா வராந்தா, வெள்ளிக் கிண்ணம், மூடுபனி. கந்தப்பொலையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் விடுதியாகிவிட்டது. பழைய பங்களாக்கள் பலவற்றில் இன்று வெளிநாட்டார் தங்குகிறார்கள். அந்தக் காலத்தின் மணத்தை ஒரே வரியில் கொண்டுவர வடிவமைப்பாளருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் அதே எழுத்து எங்கள் பக்கம் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ‘பேர்’ என்றால் என்னவென்று தெரியும். மற்ற வாசகர்களுக்காக விளக்குகிறேன். ‘இன்னிக்கிப் பேர் விழுந்திச்சா?’ என்று லயத்தில் ஒருவர் மற்றவரைக் கேட்டால், இன்றைய நாட்கூலி பதிவாயிற்றா என்று பொருள். சொன்ன அளவு கொழுந்து எடுக்காவிட்டால் ‘அரைப் பேர்’. அதாவது பாதி நாட் சம்பளம். தாமதமாகப் பெரட்டுக்கு வந்தாலோ, கங்காணியோடு வாய் கொடுத்தாலோ, பேரே இல்லாமலும் போகும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களை எண்ணி, மலையில் கணக்கப்பிள்ளை தம் கைப்புத்தகத்தில் குறித்து, மாலையில் அது கந்தோருக்குப் போய், பெரிய செக்ரோல் புத்தகத்தில் ஏறும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். இடப்பக்கத்தில் பெயர், ஆங்கிலத்தில், மை தொட்டு எழுதிய சரிந்த எழுத்தில். அந்த வரியில் பெயர் இருந்தால் அரிசி உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உலகில் வேறெங்காவது ஒரு மொழியில் கூலிக்குப் ‘பேர்’ என்றே சொல் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. மலையகத் தமிழில் இருக்கிறது.

என் தகப்பனார் டிக்கோயாப் பக்கத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். ஆங்கிலம் பேசத் தெரியாது. ஆனால் பெயர்களை ஆங்கில எழுத்தில் அழகாக எழுதுவார். பள்ளிக்கூடத்தில் நாலு கோட்டுக் கொப்பியில் எனக்கும் அந்தக் கையைப் பழக்கினார்கள். ‘எம்’ எழுத்தின் முதற் சுருளுக்காக நான் வாங்கிய அடிகள் கொஞ்சமல்ல. ஆகவே இந்த எழுத்தின்மேல் எனக்குப் பகையில்லை. இன்றும் காசோலையில் அதே கையில்தான் ஒப்பமிடுகிறேன்.

செக்ரோலுக்கு முன்னாலேயே மலையகத்தின் வாழ்வைத் தீர்மானித்த இன்னொரு கையெழுத்து உண்டு. அதற்குப் பெயர் ‘துண்டு’. பெயருக்கேற்ப ஒரு துண்டுக் கடதாசிதான். இன்ன கங்காணியும் அவருடைய ஆட்களும் இவ்வளவு ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு அவர்களை விடச் சம்மதம் என்று துரை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாகப் போவார். அடுத்த துரை கடனைக் கட்டுவார். கடன் அங்கே தொடரும். பல நேரங்களில் போகிற வழியிலேயே வளரும். கடதாசியில் எழுதியிருந்ததை அந்த ஆட்களில் எத்தனை பேரால் வாசித்திருக்க முடியும்? 1921இல் சட்டம் இயற்றித் துண்டு முறையை ஒழித்தார்கள். அதன் பின்னரும் ‘பற்றுச்சீட்டு’ இருந்தது. வேலையிலிருந்து விலகுவதற்கான சான்றுச் சீட்டு. அது கிடைக்காவிட்டால் வேறு தோட்டத்தில் சேர முடியாது. கேட்காமலே கையில் கொடுத்தால் லயத்தைக் காலிசெய்யவேண்டும். ‘சீட்டைக் கிழிச்சுட்டாங்க’ என்ற சொல் எங்கள் பக்கத்தில் எப்படிப் பிறந்ததென்று புரிந்திருக்கும்.

இந்தியாவிலிருந்து வரும் வழியிலோ எழுத்து இன்னும் சுருங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. வட்டமான தகரத்தில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும் தோட்டத்துக்கு ஓர் எண்ணும் குத்தியிருப்பார்கள். ஆளின் பெயருக்கு அதில் இடமில்லை. கழுத்தில் கட்டிக்கொண்டால் எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று இரயிலிலும் முகாமிலும் பார்த்து அனுப்பிவிடலாம். அந்த ஆளின் வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தோட்டம் அதைக் கங்காணியின் கணக்கில் ஏற்றும்.

இலங்கையில் முதன்முதலாக வணிக அளவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கினார். அவர் ஸ்கொத்லாந்துக்கு எழுதிய கடிதங்கள் அந்நாட்டுத் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றை வைத்து நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அது நல்ல காரியம். அந்த 19 ஏக்கரைக் கொத்தி நட்டவர்களின் கையெழுத்தில் ஒரு வரியைக்கூட நான் இன்றுவரை பார்த்ததில்லை. தோட்டங்களில் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கவேண்டும் என்று 1907இலும் 1920இலும் சட்டங்கள் வந்தன. அவற்றுக்குப் பிறகும் பல இடங்களில் பள்ளிக்கூடம் என்பது ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாருந்தான். எங்கள் பாட்டன்மாரின் கையெழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெருவிரல் ரேகையைத்தான் காட்டவேண்டும்.

அந்த ரேகையும் செக்ரோல் எழுத்தும் ஒன்றையொன்று நேருக்கு நேர் சந்தித்த காலம் ஒன்று வந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், விண்ணப்பித்தால் பரிசீலிப்போம் என்றது. திருமணமானவராயின் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகள், ஆகாதவராயின் பத்து ஆண்டுகள் இந்நாட்டில் இடைவிடாது வசித்திருக்கவேண்டும். அதை எழுத்தில் நிரூபிக்கவேண்டும். 1951 ஒகஸ்ட் 5க்குள் விண்ணப்பிக்கவேண்டும். ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் போயின; குடும்பத்தாரையும் சேர்த்தால் எட்டு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பதிவு கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

எழுத்தில் நிரூபிப்பது என்றால் எந்த எழுத்தில்? தோட்டத்து ஆளிடம் இருந்த எழுத்துச் சான்று செக்ரோலும், பிறப்புப் பதிவும், பற்றுச்சீட்டும், பிள்ளை படித்திருந்தால் பள்ளிக்கூட இடாப்பும். இவை ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு வேறு ஆள். காமாட்சி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளாக்கர் அதன் கடைசியில் ஒரு ‘ஐ’ போடுவார்; இன்னொருவர் ‘ஒய்’ போட்டு அதன் வாலைக் கீழே இழுத்துச் சுழற்றுவார்; மூன்றாமவர் இரண்டு ‘ஈ’ போடுவார். நடுவில் ஒருவருக்கு ‘ட்’ உண்டு, ஒருவருக்கு இல்லை. இராமாயி, ராமாய், ராமை. எழுத்து எல்லாமே அழகான எழுத்து, மணிமணியான கை. ஆனால் விசாரணை மேசையில் இரண்டு தாள்களை அருகருகே வைத்தால் இரண்டு வேறு ஆட்கள்! இதுவும் அதுவும் நான்தான் என்று அந்தக் கிழவி தமிழில் சொன்னதற்கு மதிப்பில்லை. பெயர் வேறுபட்டதனால் மட்டும் எல்லா விண்ணப்பங்களும் விழுந்தன என்று நான் சொல்லவில்லை. சட்டமே விழுத்துவதற்காகத்தான் எழுதப்பட்டது. ஆனால் நான் செய்தியாளனாக மலையகத்தில் சுற்றிய காலத்தில், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறக் காத்திருந்த குடும்பங்களில், ‘எழுத்து மாறிப்போச்சுங்க’ என்ற வார்த்தையை எத்தனை லயங்களில் கேட்டிருப்பேன்! எழுத்து மாறியது யார் கையில் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா அப்படித்தான் போனார். அவர் பெயர் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதப்படும். தமிழில் எழுதிய தாள் ஒன்றும் அவரிடம் இல்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்ற நிலை சட்டப்படி முடிந்தது. பெயர்ச் சிக்கல் முடியவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று அலைகிறவர்களை இன்றும் பிரதேச செயலகங்களுக்கு முன்னால் காணலாம். தபாலும் அப்படித்தான். பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்துக்கு வந்து, யார் கையிலோ போய், எப்போதோ சேரும்.

இனி, தமிழ் எழுத்து சேராது என்ற பேச்சுக்கு வருகிறேன்.

என் தகப்பனாரிடம் இன்னொரு கையும் இருந்தது என்று மேலே குறிப்பிட்டேன் அல்லவா? வீட்டுக் கணக்கும் ஊருக்கான கடிதங்களும் தமிழில் எழுதினார். மேலே பிள்ளையார் சுழி. ‘கொழுந்து’ என்ற சொல்லில் ‘ந்து’ ஒரே இழுப்பில் ஓடும். புள்ளி வைக்கக் கை நிற்காது. அவசரத்தில் அது ஒரு கீற்றாகும், பல நேரங்களில் காணாமலே போகும். ‘ட’வின் அடிக்கோடு அப்படியே அடுத்த எழுத்துக்குள் நடந்துபோகும். ‘ப’ மேலே முடிவதால் அடுத்த எழுத்தை மேலிருந்து பிடிக்கும். ஏட்டில் எழுத்தாணியால் கீறிப் பழகிய வளைவுகள், மைப்பேனைக்கு வந்தபோது இயல்பாகவே ஓடத் தொடங்கின. கணக்கு எழுதியவர்களிடம் நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று குறிகளே தனியாக இருந்தன. இவை ஒவ்வொன்றும் எழுத்துகள் சேர்ந்து ஓடிப் பிறந்த வடிவங்கள்! 2003இல் யூனிக்கோடு தரத்தில் இவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். இருந்தும் தட்டச்சுகிறவர் எவரையும் நான் பார்த்ததில்லை. கங்காணிமாரின் பெரிய கணக்குப் புத்தகங்களில் இவை பக்கம் பக்கமாக இருந்தன. அந்தப் புத்தகங்களும் நமக்கு நல்ல செய்தி சொன்னவையல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும். கடனை எழுதியது துரையின் கை மட்டுமன்று. தமிழ்க் கையும் எழுதியது.

பழைய எழுத்தில் ‘லை’ எழுதியதைப் பார்த்திருக்கிறீர்களா? இன்றைய இரட்டைச் சுழிக் கொம்பு தனியாக முன்னால் நிற்காது. யானை துதிக்கையைத் தூக்கினாற்போல ‘ல’வின் இடப்பக்கத்திலிருந்து ஒரு வளைவு எழுந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ணை, லை, ளை, னை நான்கும் அப்படி. பெரியார் 1935இலேயே ‘குடி அரசு’ இதழில் இவற்றை மாற்றி அச்சிட்டார். தமிழ்நாடு அரசு 1978 ஒக்டோபரில் ஆணையிட்டது. மொத்தம் பதின்மூன்று எழுத்துகள் மாறின. இலங்கையிலும் காலப்போக்கில் அதுவே வழக்காயிற்று. அச்சுக் கோத்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் எண்ணிப்பாருங்கள். மலை, இலை, தேயிலை, வேலை. எங்கள் வாழ்வின் நான்கு சொற்களும் அந்த ஓர் எழுத்தில்தான் முடிகின்றன. ஆங்கிலக் கையெழுத்து உருவில் ஒரு சொல்லின் கடைசியில் சுருள் ஒன்றை வடிவமைப்பாளர் வலிந்து சேர்க்கவேண்டும். ‘தேயிலை’க்கோ அது பிறவியிலேயே இருந்தது. தேயிலைப் பெட்டியில் போடுவதற்கென்றே யாரோ செய்து வைத்ததுபோல!

நான் பத்திரிகையில் சேர்ந்தபோது ஈய எழுத்துக் காலம். அப்போதும் ஞாயிறு இதழின் கதைத் தலைப்புகளை அச்சு எழுத்தில் போடமாட்டோம். ஓவியர் தூரிகையால் எழுதித் தருவார். அதைப் ‘புளொக்’ செய்து பக்கத்தில் வைப்போம். காதல் கதை என்றால் எழுத்து கொடிபோலப் பின்னிக்கொள்ளும். துப்பறியும் கதை என்றால் எழுத்திலிருந்து இரத்தம் சொட்டும். தமிழ் சேராது என்று அந்த ஓவியர்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்! கணினி வந்ததும் தலைப்பு எழுதும் மேசை முதலில் போயிற்று. நானும் அந்தக் கூட்டத்தில் நின்று வேகத்தை வியந்தவர்களில் ஒருவன். அந்தத் தலைப்புகளை வெட்டிச் சேர்த்து வைக்கவேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றி என்ன பயன்?

ஓடும் கையைக் கணினித் தமிழுக்குக் கொண்டுவருவது எளிதன்று என்பதும் உண்மை. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து, பெரிதும் சிறிதுமாக ஐம்பத்திரண்டு. தமிழிலோ உகர, ஊகார வரிசைகளில் மட்டும் ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனி வடிவம். கு, சு, டு, நு என்று எழுதிப் பாருங்கள். வால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு திசையில் போகிறது. ஒவ்வோர் எழுத்தும் முடியும் இடமும் வேறு. இணைப்புகளை யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரையவேண்டும். ஓர் எழுத்துக்குப் பல மாற்றுருவங்களை வைத்து, சொல்லில் அது நிற்கும் இடத்துக்கேற்பத் தானாகவே மாறச் செய்யும் வசதி ஓப்பன்டைப் நுட்பத்தில் உண்டு. சொல்லின் கடைசியில் வரும் ‘லை’க்கு மட்டும் துதிக்கை வரும்படிகூடச் செய்யலாம். செய்வதற்கு ஆள் வேண்டும், பொறுமை வேண்டும், சாப்பாட்டுக்கும் வழி வேண்டும்.

ஆள் இல்லாமலில்லை. இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் ‘கவிவாணர்’ என்ற எழுத்துருவைச் செய்து வெளியிட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. கையால் எழுதியதுபோன்ற, வலப்புறம் சாய்ந்த தமிழ் எழுத்து. அதே சாயலில் ஆங்கில எழுத்துகளும் உண்டு. திறந்த உரிமத்தில் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இருக்கிறது. எவரும் காசில்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோக்கவில்லை. தடிப்பும் ஒன்றே ஒன்றுதான். செப்புத் தகட்டு எழுத்தோடு போட்டிக்கு நிற்கும் ஆடம்பரம் அதற்கில்லை. ஆனால் பார்த்தவுடன், படித்த ஒருவர் நிதானமாகப் பேனை பிடித்து எழுதியது என்று தெரிகிறது. எனக்குப் பிடித்ததும் வேறொன்று. இதில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே நிற்கும்போது இரண்டையும் எழுதியது ஒரே கை என்று தோன்றுகிறது. செக்ரோலில் அப்படி இருந்ததில்லை.

இன்னொரு வகை எழுத்தையும் சொல்லாமல் விடமுடியாது. தேயிலைத் தொழிற்சாலையில் மரப்பெட்டிகள் இருந்த காலத்தில், தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் எடையும் பெட்டியின் பக்கத்தில் ஸ்டென்சில் தகட்டை வைத்து மையடித்து எழுதப்படும். தடித்த, இடையிடையே வெட்டுப்பட்ட எழுத்து. அழகு பார்த்து வெட்டியதல்ல. கொழும்பிலும் இலண்டனிலும் தூரத்திலிருந்து தெரியவேண்டும், அவ்வளவுதான். அந்த மையை அடித்தவர் லயத்து ஆள். பின்னர் காகித உறைகள் வந்து பெட்டிகள் போய்விட்டன. இந்த நாட்டின் தேயிலையில் எங்கள் கை நேராக எழுதிய எழுத்து என்று பார்த்தால் அது ஒன்றுதான். தரகர் பார்த்துவிட்டுப் பெட்டியை உடைத்ததோடு அதன் ஆயுள் முடிந்தது. கடைக்குப் போன பொதியில் வேறு எழுத்து.

மறுநாள் காலையில் மீண்டும் அந்த அச்சகத்துக்குப் போனேன். ஒரு பழைய பற்றுச்சீட்டின் பின்புறத்தில் தகப்பனார் எழுதிய தமிழ்க் கணக்கொன்று என்னிடம் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். இளைஞர் நெடுநேரம் பார்த்தார். “இது தமிழுங்களா ஐயா?” என்று கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துக் கூட்டி வாசித்து, ‘தேயிலைத்தூள் வரவு’ என்ற சொற்களைக் கண்டுபிடித்தபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கவிவாணரைத் தரவிறக்கினார். மணமகளின் பெயரைத் தட்டினார். பிறகு என்னிடம் தாளும் பேனையும் தந்து பழைய ‘லை’யை எழுதிக் காட்டச் சொன்னார். என் கை நடுங்கியது. மூன்றாவது தடவைதான் ஒழுங்காக வந்தது. கைப்பேசியில் படமெடுத்துக் கணினியில் ஏற்றினார்.

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. ஆங்கிலப் பக்கத்தில் அந்தச் சுருள் எழுத்தே இருக்கிறது. மணமகனின் வீட்டார் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டியின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் வாதாடி, கடைசியில் அடையாள அட்டையில் உள்ளபடி போட்டார்கள். தமிழ்ப் பக்கம் கவிவாணரில் வந்திருக்கிறது. முகூர்த்த நேரத்துக்கு முன்னால் ‘காலை’ என்ற சொல்லில் மட்டும் துதிக்கை தூக்கிய ‘லை’ நிற்கிறது; கொஞ்சம் கோணலாக, என் கையெழுத்தில். தேயிலைப் பெட்டிக்கும் ஒரு மாதிரி செய்து அனுப்பியிருப்பதாக அந்தத் தம்பி சொன்னார். கொம்பனிக்காரர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லையாம்.